கணவாயில் முளைத்த வாட்டில்

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர்க்காரர்கள் என் கையில் ஒரு ஜோடி தடித்த கையுறையைக் கொடுத்து, மலையில் முளைத்திருக்கும் ஒரு செடியைப் பிடுங்கச் சொன்னார்கள். நான் பிடுங்கவில்லை. கையுறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சும்மா நின்றேன். என் மகனுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது.

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, பஞ்சாலைப் புகை படிந்த ஒரு நடுத்தர ஊர். பஸ் கண்டக்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் ஊருக்கு வெளியே இருக்கும் மேட்டுநிலங்களில் நடக்கப் போகிறவர்கள். முதுகில் மூட்டை, காலில் பூட்ஸ், பையில் சாண்ட்விச். அவர்கள் இறங்கி வேலிக் கதவைத் திறந்து, மறக்காமல் திரும்பச் சாத்திவிட்டு, ஒற்றையடிப் பாதையை விட்டு ஓர் அடி விலகாமல் நடந்து போவதைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். பஸ் திரும்பி ஊருக்குள் வந்துவிடும். ஒரு காலத்தில் நானும் ஆட்களை மலையில் நடத்திக் கூட்டிப்போனவன் என்று இங்கே யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் நம்புவார்கள், அதற்குமேல் பேச அவர்களுக்கு என்ன இருக்கிறது?

இவர்கள் ஒரு நடைச்சங்கம் வைத்திருக்கிறார்கள். அந்தச் சங்கமும் என் மகன் படிக்கும் பள்ளிக்கூடமும் சேர்ந்து மலையைச் சுத்தம் செய்வதாக ஏற்பாடு. பையன்களோடு தகப்பன்மாரும் வரலாம் என்றார்கள். எனக்கு அன்று ஓய்வு நாள். மகன் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். அவனுக்குப் பழனியாண்டவரை நினைத்து முருகேசன் என்று பெயர் வைத்தோம். பள்ளிக்கூடத்தில் அது மர்ரே ஆகிவிட்டது. இப்போது வீட்டிலும் மர்ரே என்றால்தான் திரும்பிப் பார்க்கிறான்.

பிடுங்க வேண்டிய செடி ரோடோடெண்ட்ரான். யாரோ ஒரு சீமான் எந்தக் காலத்திலோ தன் பங்களாவில் அழகுக்காக நட்டாராம். அது வேலி தாண்டி, சரிவு முழுக்கப் பரவி, கீழே வேறு ஒன்றையும் முளைக்க விடவில்லையாம். பேசியவர் பொறுமையாக விளக்கினார். நான் கேட்டுக்கொண்டே குனிந்து ஓர் இலையைத் தொட்டேன். கரும்பச்சை, தோல் மாதிரித் தடிப்பு, குளிரில் ஓரம் சுருண்டிருந்தது. கண் கலங்கிவிட்டது. கோடைக்கானல் மலையில் நாங்கள் காட்டுப்பூவரசு என்போமே, அதற்குக் கூடப்பிறந்த செடி. பூ மட்டும் இங்கே ஊதா, அங்கே ரத்தச் சிவப்பு.

"அப்பா, இது கெட்டது செடி" என்றான் மகன், யாருக்கும் கேட்காதபடி தமிழில். "புடுங்கு. எல்லாரும் பாக்குது."

அந்தக் காட்டுப்பூவரசைக் காப்பாற்ற ஒரு காலத்தில் நாங்கள் பட்ட பாட்டை அந்த இடத்தில் நின்று அவனிடம் சொல்லி முடியாது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

கோடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரி வழியாக மலை முகட்டிலேயே மூணாறு வரை போகும் ரோடு ஊரில் எல்லோரும் அறிந்தது. யுத்த காலத்தில், ஜப்பான்காரன் சென்னையில் வந்து இறங்கிவிட்டால் வெள்ளைக்காரர்கள் மேற்குக் கடற்கரைக்குத் தப்பிப் போவதற்கென்று அதைச் சீர்படுத்தினார்கள். எங்கள் பஜாரில் அதற்கு எஸ்கேப் ரோடு என்றே பெயர். ஜப்பான்காரன் வரவில்லை. யாரும் தப்பி ஓடவும் இல்லை. யுத்தம் முடிந்ததும் புல் முளைத்துக் கிடந்த அந்த ரோட்டில், ஐம்பதுகளில் நடைக்காரர்கள் கிளம்பினார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், பெரிய வகுப்புப் பிள்ளைகள், சீசனுக்கு மதராஸிலிருந்து வருகிற கம்பெனி உத்தியோகஸ்தர்கள்.

அவர்களுக்கு அரிசி, ரொட்டி, மண்ணெண்ணெய், டப்பா மீன், சுமைக்கு மட்டக்குதிரை, தூக்குவதற்கு ஆள் என்று எல்லாம் ஏற்பாடு செய்து கொடுத்தவர் காதர் ராவுத்தர். பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தார். நான் பழனிக்காரன், அப்பா அடிவாரத்தில் அர்ச்சனைத் தட்டு விற்றவர். கோடைக்கானலில் ஓர் ஓட்டலில் வேலை பார்த்து இங்கிலீஷ் பழகியிருந்தேன். கடையை அவர் பார்ப்பது, நடைக்காரர்களுடன் நான் போவது என்று இருவரும் கூட்டுச் சேர்ந்தோம். அவர் என்னைவிடப் பதினைந்து இருபது வயது மூத்தவர். நான் மாமா என்பேன், அவர் மாப்ளே என்பார். எங்கள் பக்கத்தில் அது வழக்கம்.

ராவுத்தருக்கு அந்த ரோடு தன் கடையின் பின்கட்டு மாதிரி. அதில் ஒரு கூட்டம் ஏறினால் அது மூணாறு போய்ச் சேரும்வரை அடுத்த கூட்டத்தை விட மாட்டார். சோலையில் ஒரு சுள்ளி ஒடிக்கக் கூடாது என்று விறகைக் கோடைக்கானலிலிருந்தே குதிரை மேல் ஏற்றி அனுப்புவார். மீன் டப்பா காலியானதும் திரும்பக் கடைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் அந்த ஆள் கவர்னருக்குச் சொந்தக்காரராக இருந்தாலும் அடுத்த தடவை சாமான் கிடையாது. "மாட்டுத் தொழுவத்துலகூட காலையில சாணி அள்ளுறோம். தொரைமாரு திங்குற எடத்துல குப்பை கெடக்கலாமா?" என்பார். இங்கே வேலிக் கதவைச் சாத்திவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் ராவுத்தரை இவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அவருக்கும் இவர்களைப் பிடிக்கும். ஆனால் டப்பாவை எண்ணித்தான் வாங்குவார்.

3

ரோடு ஒரு கணவாயில் ஏறி இறங்கும். அந்தக் கணவாயில் ஒரு பாறை, பாறையைச் சுற்றிக் காட்டுப்பூவரசு மரங்கள், கொஞ்சம் தள்ளிப் புல்வெளியில் வற்றாத ஓர் ஊற்று. முதல் நாள் ராத்தங்கல் அங்கேதான். ஊற்றுத் தண்ணீரை நம்பித்தான் அந்த ரோட்டில் நடையே.

யுத்த காலத்தில் ரோட்டு வேலை செய்த ஒரு கூலியாள் அந்தப் பாறையடியில் செத்துப்போனதாகச் சுமைக்காரர்கள் சொல்வார்கள். ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் யாருக்கும் தெரியாது. ஆனால் மன்னவனூர், பூம்பாறை ஆட்கள் அந்த இடத்தைச் சும்மா தாண்ட மாட்டார்கள். பக்கத்து மரத்தில் ஒரு கொத்துத் தழை ஒடித்துப் பாறையடியில் போட்டுவிட்டுத்தான் நடப்பார்கள். போட்டால் கால் வலிக்காது, போகிற இடம் நல்லபடியாகப் போய்ச் சேரலாம். மலைப்பாதைகளில் பல இடங்களில் உள்ள வழக்கம்தான்.

விறகு வெட்டுகிறவனும் மாட்டுக்காரனும் மட்டும் போய்வந்த காலத்தில் அந்த மரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நடைக்காரர்கள் வந்ததும் நிலைமை மாறியது. சுமைக்காரர்கள் போடுவதைப் பார்த்து அவர்களும் போட ஆசைப்பட்டார்கள். மரியாதையாகத்தான் போட்டார்கள், தொப்பியைக்கூடக் கழற்றினார்கள். ஆளுக்கு ஒரு கொத்து. பூவோடு இருந்தால் இன்னும் நல்லது. போட்டோ சரியாக விழவில்லை என்று இன்னொரு கொத்து. இரண்டு மூன்று சீசனில் கைக்கு எட்டிய உயரம் வரை மரங்கள் மொட்டையாகிவிட்டன.

காட்டிலாகா ரேஞ்சர் வந்து பார்த்தார். கெட்டவர் இல்லை. அடுத்த சீசனிலும் மரம் இப்படி இருந்தால் பேரிஜம் கேட்டைப் பூட்டிவிடுவேன், ஒரு நடைக்காரனையும் விட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்டைப் பூட்டினால் எங்கள் இருவருடைய பிழைப்பும் பூட்டிக்கொள்ளும். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது.

தழை போடக் கூடாது என்று சுமைக்காரர்களிடம் சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் சுமையை நீங்களே தூக்குங்கள் என்றார்கள். ராவுத்தர் ரெண்டு நாள் யோசித்தார். பிறகு ஒருநாள் கடைக்குப் பின்னால் போய், சுவரைத் தாண்டித் தொங்கிய வாட்டில் மரத்திலிருந்து ஒரு கட்டுத் தழையை வெட்டி வந்து போட்டார். இனிமேல் விறகோடு தழையும் கோடைக்கானலிலிருந்தே போகும் என்றார். அதில் எனக்கே கொஞ்சம் உறுத்தல். அங்கே பறித்து அங்கேயே போடுவதுதானே வழக்கம், கடைத்தழையைச் சாமி ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்டேன்.

"ஒங்கப்பா பழனி அடிவாரத்துல தட்டு வித்தாரே மாப்ளே. அதைத்தானே எல்லாரும் வாங்கிட்டு மலையேறுனாங்க? அடிவாரத்துல வாங்குனது எனக்கு வேணாம்னு முருகன் என்னைக்காவது திருப்பி அனுப்புனாரா?"

சுமைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். விவகாரம் அதோடு தீர்ந்தது.

வாட்டில் தழை பார்க்கவும் நன்றாக இருந்தது. மயிலிறகுபோல் மெல்லிசு, மஞ்சள் பூ, சீசன் முற்றும்போது கொத்துக் கொத்தாய்க் காய்ந்த நெற்று. நடைக்காரர்கள் அதைத் தொப்பியில் செருகிக்கொண்டு நடந்து, கணவாய் வந்ததும் எடுத்துப் போட்டார்கள். காட்டுப்பூவரசு மறுபடி துளிர்த்தது. ரேஞ்சர் வந்து ராவுத்தரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று கடையில் எல்லோருக்கும் டீ.

4

ராவுத்தருக்குச் சுத்தம் முக்கியம். ஒவ்வொரு சீசன் முடிவிலும் பாறையடியில் குவிந்த காய்ந்த தழையை அப்படியே கொளுத்திவிடச் சொன்னார். கொளுத்தினோம். வாட்டில் விதை தடித்த தோல்காரன். சூடு பட்டால்தான் கண் திறப்பான் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? கடைக்காரர், ஓட்டல்காரன், சுமைக்காரர்கள். காட்டு ஆட்களுக்குக்கூட அது தெரியாது. அந்த மரமே ஊருக்குப் புதிசு, வெள்ளைக்காரன் எங்கிருந்தோ கொண்டுவந்தது.

மழைக்குப் பிறகு கணவாயில் நாற்றங்கால் மாதிரி முளைத்திருந்தது. பாறையடியிலிருந்து புல்வெளியில் இறங்கி, ஊற்றைச் சுற்றிலும். பச்சையாக இருந்தால் நல்லதுதானே என்று நான் விட்டுவிட்டேன். ராவுத்தர் மட்டும் முகத்தைச் சுளித்தார். இரண்டாம் வருஷம் ஊற்றில் குடம் மூழ்கவில்லை. சிரட்டையால் மொண்டு ஊற்ற வேண்டியிருந்தது. செடி தண்ணீரைக் குடிக்கிறது என்றார் ராவுத்தர். மழை குறைவு என்றேன் நான். யார் சொன்னது சரியோ, அவர் அந்த வருஷமே பிடுங்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு இங்கிலாந்து வாய்ப்பு வந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஹாரியட் மிஸ், எங்களோடு பலமுறை நடந்தவர், ஓய்வு பெற்று இந்த ஊருக்குத் திரும்பினார். பஸ் கம்பெனியில் ஆள் வேண்டும் என்று அவர்தான் சொல்லியனுப்பினார். முருகேசனுக்கு அப்போது நாலு வயது. கொச்சியில் கப்பல். நான் கடைசியாகக் கூட்டிப்போன நடைக்காரர்களோடு மூணாறு போய், அங்கிருந்து கொச்சிக்கு இறங்குவதாக ஏற்பாடு. என் மனைவி கமலமும் குழந்தையும் பின்னால் வர வேண்டும். யுத்தத்துக்குப் போட்ட ரோட்டில் கடைசியில் தப்பி ஓடினவன் நான்தான் என்று இப்போது சொல்லிச் சிரிக்கலாம். அன்று சிரிப்பு வரவில்லை.

ராவுத்தர் கணவாய் வரை கூட வந்தார். கடையை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் அவர் நடப்பது அபூர்வம். செடிகள் முழங்கால் உயரம் இருந்தன. நான் கிளம்பும்போது அவர் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார்.

"போயிட்டு வெரசா வா மாப்ளே. இது முழங்காலளவு கெடக்கையிலதான் கைக்கு அடங்கும். நெஞ்சு ஒசரம் வந்துருச்சுன்னா நாம ரெண்டு பேரும் சேர்ந்தாலும் ஒண்ணும் செய்ய முடியாது. ஒரு சீசன், ரெண்டு கை கூட இருந்தாப் போதும். ஊத்து தப்பிச்சுக்கிரும்."

வருகிறேன் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

5

இங்கே லீவு வருஷத்துக்கு இரண்டு வாரம். கப்பலில் போய்ச் சேரவே அதைவிட அதிகம் ஆகும். மூன்று நான்கு வருஷ லீவைச் சேர்த்துத் தரச் சொல்லி மனுப் போட்டால், சேர்க்க முடியாது என்று ஒரு வருஷம், சேர்க்கலாம் ஆனால் கோடை மாதங்களில் கிடையாது என்று ஒரு வருஷம். சம்பளமில்லாமல் போகலாமா என்று கேட்டால், போகலாம், திரும்பி வந்தால் வேலை இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்பார்கள். ஒருமுறை எல்லாம் கூடி வந்தபோது கமலத்துக்கு ஆபரேஷன். அவள் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். எனக்குப் பகல் என்றால் அவளுக்கு இரவு. சோற்றை மூடி வைத்துவிட்டுப் போவாள். நான் வந்து திறந்து சாப்பிடுவேன். பையன் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவில் பாட்டுக் கேட்பான். சில நாட்களில் பஸ்ஸில் ஊர்ப்பெயர்களைக் கூவியதைத் தவிர நான் வாய் திறந்திருக்கவே மாட்டேன்.

ராவுத்தர் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. இந்தப் பக்கம் வருகிற யார் வாயிலாவது வருஷத்துக்கு ஒரு சேதி சொல்லியனுப்புவார். சேதி எப்போதும் ஒன்றுதான், செடியின் உயரம். 'முழங்காலுக்கு மேல் போகவில்லை, வரச்சொல்லுங்கள்.' அடுத்த வருஷம், 'இடுப்புக்குக் கீழேதான் கிடக்கிறது, வரச்சொல்லுங்கள்.' மாதம் ஒரு தடவை கடையை அடைத்துவிட்டுத் தனியாகக் கணவாய்க்குப் போய்ப் பிடுங்குகிறாராம். பிடுங்கப் பிடுங்க முளைக்கிறதாம். வயது அறுபதைத் தொட்டிருக்கும். நடைக்காரர்கள் குறைந்துபோய்விட்டார்கள். ஊற்றில் தண்ணீர் போதாததால் ஒரே நாளில் தாண்டிப்போகத் தெம்புள்ளவர்கள் மட்டும் வருகிறார்கள் என்றும் ஒருவர் சொன்னார்.

ஏழு வருஷம் இப்படி. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு அந்தச் சரிவில் நின்ற என்னால் ரோடோடெண்ட்ரானை எப்படிப் பிடுங்க முடியும்? வெளியூர்ச் செடி, வெளியூர் மனிதன் என்று இதை வைத்து யாரும் எனக்குத் தத்துவம் சொல்ல வேண்டாம். அதை நானே பஸ்ஸில் நின்றுகொண்டு நிறைய யோசித்தாயிற்று. எனக்குத் தோன்றியது வேறு. இங்கே சரிவு முழுக்க ஆட்கள். ஒரு பையன் பிடுங்கினால் இன்னொருவன் பையைப் பிடிக்கிறான். ஒரு அம்மாள் எல்லோருக்கும் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றுகிறாள். அங்கே ஒரே ஒரு கிழவர்.

அன்று சாயங்காலம் மகனிடம் சொல்லிப் பார்த்தேன். பாதித் தமிழ், பாதி இங்கிலீஷ். பொறுமையாகக் கேட்டான். "ஸோ, நீங்க நட்டது கெட்டது, நாங்க புடுங்குனது நல்லது?" என்றான். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். இந்தக் கோடை விடுமுறையில் ஊருக்கு வருகிறாயா, இரண்டு பேரும் போய்ப் பிடுங்கலாம் என்று கேட்டேன். ஸ்காட்லாந்தில் பள்ளிக்கூட முகாம் இருக்கிறதாம். அங்கேயும் மலைதான் அப்பா என்றான். என்னைச் சமாதானப்படுத்துகிறானாம்.

6

வியாழக்கிழமை ஹாரியட் மிஸ் என் பஸ்ஸில் ஏறினார். அவருடைய தங்கை இன்னும் கோடைக்கானலில் இருக்கிறார். அவரைப் பார்க்கப் போய், போன வாரம்தான் திரும்பியிருந்தார். எப்போதும் கீழ்த்தட்டில் கதவோரம் உட்காருவார். நான் டிக்கெட் கொடுத்துக்கொண்டே நின்று பேசலாம்.

ராவுத்தரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். செடி எவ்வளவு உயரம் என்றும் கேட்டேன். மிஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

கணவாய்ப் புல்வெளியில் இப்போது வாட்டில் தோட்டம் போடுகிறார்களாம். தோல் பதனிடப் பட்டை வேண்டும், அதற்காக மலையில் பல புல்வெளிகளில் வரிசை பிடித்து நட்டுவருகிறார்கள். ராவுத்தர் வழக்கம்போலப் போய்ப் பிடுங்கியிருக்கிறார். தானாக முளைத்தது எது, சர்க்கார் நட்டது எது என்று அவர் பார்க்கவில்லை. பார்த்தாலும் விட்டிருக்க மாட்டார். காட்டிலாகாக் காவலர் அவரைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். புதிதாக வந்த ரேஞ்சர், பெரியவர் என்பதால் எச்சரித்து அனுப்பிவிட்டார். ஆனால் பேரிஜம் கேட்டைத் தாண்ட இனி அவருக்கு அனுமதி கிடையாது. ஊற்று இருந்த இடம் எது என்றே இப்போது தெரியவில்லை என்றார் மிஸ்.

"எனக்கு ஏதாவது சொல்லியனுப்பினாரா?"

மிஸ்ஸின் தமிழ் கோடைக்கானல் பஜாரில் கற்றது. ராவுத்தர் சொன்னதை அப்படியே சொன்னார். பஸ்ஸில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாப்ளைகிட்ட சொல்லிருங்க, இனிமே வர வேணாம்னு. சோலி முடிஞ்சுபோச்சு."

அடுத்த நிறுத்தத்தில் மணி அடிக்க மறந்துவிட்டேன். டிரைவர் கத்தினார்.

அன்று முழுக்க டிக்கெட் கிழித்தேன், சில்லறை கொடுத்தேன், ஊர்ப்பெயர்களைக் கூவினேன். ராவுத்தர் தோற்றுவிட்டார் என்பதைவிட என்னை வாட்டியது வேறொன்று. ஏழு வருஷமாக இந்த உலகத்தில் ஒரு ஆள் என்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் குளிரில் காலை நான்கு மணிக்கு எழுந்து, பனியில் வழுக்கி வழுக்கி டிப்போவுக்கு நடக்கும்போது அது எனக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. ஊரில் எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. அதைச் செய்ய ஆள் வேறு இல்லை. இனி அங்கே யாருக்கும் நான் தேவைப்படவில்லை.

7

கமலத்திடம் சொன்னேன். அவள் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். கோட்டுப் பித்தான்களை மாட்டிக்கொண்டே, போயிட்டு வாங்க என்றாள். வேலை போனால் என்று இழுத்தேன். போனால் போகுது, சலவைக் கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மகனுக்குத்தான் விளங்கவில்லை. பிடுங்க விட மாட்டார்கள், அந்த ரோட்டிலேயே விட மாட்டார்கள் என்றால் அங்கே போய் என்ன செய்வாய் என்று இங்கிலீஷில் கேட்டான். நியாயமான கேள்வி. கடையில் மாமா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்றேன். அவ்வளவு தூரம் போய் உட்கார்ந்திருப்பதற்கா என்றான். ஆமாம் என்றேன். தன் அறைக்குப் போகாமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

நேற்று டிப்போவில் சம்பளமில்லாத லீவு கேட்டேன். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். காரணம் ஏதாவது பலமாகச் சொன்னால் மேலே பேசிப் பார்க்கலாம் என்றார். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? இல்லை. கல்யாணமா, சொத்து விவகாரமா? இல்லை. யாராவது உடனே வரச்சொல்லி அழைத்திருக்கிறார்களா?

"இல்லை. வர வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள்" என்றேன்.

அப்படியானால் அவசரம் ஒன்றும் இல்லையே, இலையுதிர் காலத்தில் பார்த்துக்கொள்ளலாமே என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. வா வா என்று ராவுத்தர் கூப்பிட்ட ஏழு வருஷமும் நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று. கூப்பிடுகிற மனிதர் காத்திருப்பார். வர வேண்டாம் என்று சொல்லிவிட்டவர் காத்திருக்க மாட்டார், அவரிடம் தாமதமாகப் போக முடியாது. லீவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அடுத்த மாதக் கப்பலுக்கு இடம் சொல்லிவிட்டேன்.